ஐந்து பேர், ஒரு கான்கிரீட் கூடம், ஒத்திகை இல்லாத இசை மாலை: ஒலி அமைப்பை எப்படிப் போடுவது?

இரவல்மிக்ஸர் கேட்டது:

வணக்கம். எழுதி வைத்த இசை எதுவும் இல்லாமல் அங்கேயே உருவாக்கி வாசிக்கும் ஒரு மாலை நிகழ்ச்சிக்கு ஒலிப் பொறுப்பு என்னுடையது. மொத்தம் 2 மணி நேரம்.

கூடம்: 12 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை, திரைச்சீலை கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலி 60.

வாசிப்பவர்கள்: மிருதங்கம், குரல் (பாட்டு இல்லை, மூச்சு, முனகல், நீளமான கார்வை), தொங்கவிட்ட இரும்புத் தகடும் ஸ்பிரிங்குகளும் (பீசோ, அதாவது அதிர்வை மின்சாரமாக மாற்றும் சிறு வட்டு, ஒட்டியவை), லேப்டாப் (சைன் அலைகளும் வெளியில் பதிவு செய்த சத்தங்களும்), நோ-இன்புட் மிக்ஸர் (வெளியிலிருந்து எதுவும் சொருகாமல் தன் வெளியீட்டையே தனக்குள் திருப்பி ஒலிக்க வைக்கும் மிக்ஸர்).

கையில் இருப்பவை: 12 சேனல் அனலாக் மிக்ஸர் (ஆக்ஸ், அதாவது தனியாகப் பிரித்து அனுப்பும் வெளியீடு, 2), 12 அங்குல பவர்டு ஸ்பீக்கர் 2, சப்வூஃபர் 1, 5 அங்குல ஸ்டூடியோ மானிட்டர் 2, டி.ஐ. பாக்ஸ் (கருவியின் வெளியீட்டை மிக்ஸரின் மைக் உள்ளீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் பெட்டி): மின்சாரம் வேண்டாத பாஸிவ் 2, மின்சாரம் வேண்டிய ஆக்டிவ் 1, டைனமிக் மைக் 4, கண்டென்ஸர் மைக் ஒரு ஜோடி, சின்ன ரெக்கார்டர் ஒன்று.

சிக்கல்கள்: பீசோவை மிக்ஸரில் நேராகச் சொருகினால் கீழ்ச் சத்தமே இல்லை, தகரம் மாதிரி கீச்சிடுகிறது. லேப்டாப் சார்ஜரில் இருந்தால் உறுமல். நோ-இன்புட் மிக்ஸர் எப்போது அலறும் என்று அதை வாசிப்பவருக்கே தெரியாது, ஸ்பீக்கர் போய்விடுமோ என்ற பயம். எல்லோரும் சேர்ந்தால் மிருதங்கம் காணாமல் போகிறது. இவை போக, யார் எப்போது வாசிப்பது, எப்படி முடிப்பது என்பதிலும் யோசனை சொன்னால் நல்லது.

ஓம்ஸ்_விதி பதில்:

பீசோவில் தொடங்குவோம், ஏனென்றால் அது முழுக்கக் கணக்கு. 27 மில்லிமீட்டர் வட்டு ஒன்றின் மின்தேக்கம் ஏறத்தாழ 20 நானோ ஃபாரட். அதை எந்த உள்ளீட்டில் சொருகினாலும் வட்டும் உள்ளீட்டு மின்தடையும் சேர்ந்து கீழ்ச் சத்தத்தை வெட்டும் ஒரு வடிகட்டி ஆகிவிடும். மைக் உள்ளீடு சுமார் 2 கிலோ ஓம். வெட்டு 4,000 ஹெர்ட்ஸில் தொடங்கிவிடும். லைன் உள்ளீடு 10 கிலோ ஓம் என்றால் 800 ஹெர்ட்ஸ். நீங்கள் கேட்கும் தகரச் சத்தம் இதுதான். தகட்டைக் குறை சொல்ல வேண்டாம், ஈ.க்யூவில் (கீழ், மேல்ச் சத்தங்களைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் குமிழ்கள்) பாஸ் ஏற்றியும் பயன் இல்லை. அங்கே ஏற்றுவதற்கு எதுவும் மிச்சம் இருக்காது, இரைச்சல்தான் ஏறும். 1 மெகா ஓம் உள்ளீட்டில் வெட்டு 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஆக்டிவ் டி.ஐ. பெரும்பாலும் அந்த அளவில்தான் இருக்கும். ஆகவே ஒரே ஆக்டிவ் டி.ஐ. பீசோவுக்கு. வேறு யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

வட்டிலிருந்து டி.ஐ. வரை கேபிள் குட்டையாக இருக்கட்டும், 1 மீட்டர் போதும். நீண்டால் மேல்ச் சத்தம் போய்விடும் என்று பலர் சொல்வது கிட்டார் பிக்கப்புக்குப் பொருந்தும். பீசோவுக்கு அப்படி இல்லை. மீட்டருக்கு 100 பிகோ ஃபாரட் வைத்து 5 மீட்டர் போட்டாலும் அளவு மொத்தமாக 0.2 டெசிபல் குறையும், அவ்வளவே. குட்டையாக வைக்கச் சொல்வது உறுமலுக்காகவும், கேபிளை யாராவது மிதித்தால் வரும் சரசரப்புக்காகவும்தான். வட்டின் வெளிப்பக்கத்தை இன்சுலேஷன் டேப்பால் மூடுங்கள். விரல் பட்டால் உறுமும். சால்டர் வைக்கும்போது வெள்ளைப் பரப்பில் இரும்பு 2 நொடிக்கு மேல் நிற்கக் கூடாது, மேல்பூச்சு உரிந்துவிடும்.

ஒட்டும் விதத்தில்தான் பாதி ஓசை இருக்கிறது. பஞ்சு டேப் மேல்ச் சத்தத்தைத் தின்னும். மெல்லிய இரட்டைப்பக்க டேப்போ சிறிய கவ்வியோ போட்டு இறுக்கினால் தகட்டின் கூர்மை வரும். தகட்டின் நடுவில் ஒட்டினால் பல அதிர்வுகள் அங்கே அசையாமல் நிற்பதால் ஓசை மெலியும். விளிம்பிலிருந்து ஐந்தில் ஒரு பங்கு தூரத்தில் தொடங்கி, நகர்த்தி நகர்த்திக் கேட்டு முடிவு செய்யுங்கள். சுத்தியலால் ஓங்கி அடித்தால் பீசோ பல வோல்ட் தள்ளும், டி.ஐ.யிலேயே 20 டெசிபல் பேட் (அளவைக் குறைக்கும் பொத்தான்) போட்டுவிடுங்கள். டி.ஐ.க்குள் கிழிந்த சத்தத்தை மிக்ஸரில் கெய்னைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது.

லேப்டாப்: சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். உறுமல் போனால் அது தரை வளையம், அதாவது இரு கருவிகளின் எர்த் இணைப்புகள் வழியே சுற்றும் மின்னோட்டம். பாஸிவ் டி.ஐ. ஒன்றை நடுவில் வைத்து கிரவுண்ட் லிஃப்ட் (ஒலிக் கம்பியின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் பொத்தான்) போட்டால் தீரும். சார்ஜர் பிளக்கின் எர்த் முனையை வெட்டுவது, டேப் சுற்றுவது எல்லாம் உயிரோடு விளையாடுவது. யார் சொன்னாலும் செய்யாதீர்கள். சத்தம் உறுமலாக இல்லாமல், மவுஸை நகர்த்தும்போது மாறும் மெல்லிய கீச்சாக இருந்தால் அதற்கும் டி.ஐ.யின் டிரான்ஸ்ஃபார்மரே மருந்து. அப்புறம், லேப்டாப்பின் இடது வலது இரண்டையும் ஒய் கேபிளால் ஒன்றாக்க வேண்டாம். இரண்டு வெளியீடுகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சத்தம் சிதையும். மென்பொருளிலேயே மோனோவாக்கி ஒரு பக்கத்தை மட்டும் எடுங்கள். மீதமுள்ள பாஸிவ் டி.ஐ. நோ-இன்புட்டுக்கு. கணக்குச் சரியாகிவிட்டது.

இனி நோ-இன்புட் மிக்ஸர். ஜப்பானிய இசைக்கலைஞர் டோஷிமாரு நகமுரா 1990களின் பிற்பகுதியிலிருந்து வாசித்துக் காட்டியதுதான்: மிக்ஸரின் ஆக்ஸ் வெளியீட்டை அதே மிக்ஸரின் சேனலுக்குள் திருப்பி அனுப்பினால் அது தானே பாட ஆரம்பிக்கும், ஈ.க்யூ குமிழ்தான் சுருதி, கெய்ன்தான் மூச்சு. ஒரு குமிழ் மயிரிழை நகர்ந்தால் மெல்லிய ரீங்காரம் முழு அலறல் ஆகும். அந்தத் தாவல்தான் அதன் அழகு. அதனால் வாசிப்பவரைப் பார்த்து வாசியுங்கள் என்று சொல்வது தீர்வு ஆகாது. அவர் துணிந்து வாசிக்கும்படி வழியில் காவல் போட வேண்டும்.

ஸ்பீக்கருக்கு ஆபத்து மூன்று பக்கத்திலிருந்து வருகிறது. முதலாவது, தொடர்ந்து நிற்கும் ஒற்றைச் சுரம். வழக்கமான இசையில் உச்சத்துக்கும் சராசரிக்கும் 12 டெசிபலோ அதற்கு மேலோ இடைவெளி இருக்கும். சைன் அலைக்கு 3 டெசிபல்தான். மீட்டரில் இரண்டும் ஒரே உச்சத்தைக் காட்டும்போதே வாய்ஸ் காயிலுக்கு (ஸ்பீக்கரின் கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள்) போகும் வெப்பம் பல மடங்கு. இரண்டாவது, காதுக்கு எட்டாத உயரத்தில், 15 ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல், மிக்ஸர் ஊளையிடுவது. வாசிப்பவருக்கு அமைதி, ட்வீட்டர் (மேல்ச் சத்தத்துக்கான சிறு ஸ்பீக்கர்) உள்ளே வெந்துகொண்டிருக்கும். மூன்றாவது, 10, 15 ஹெர்ட்ஸில் மெதுவாக ஆடும் அலை. ஓசை வராது, கூம்பு மட்டும் பாய்ந்து பாய்ந்து அடிக்கும்.

ஆகவே நோ-இன்புட்டின் வெளியீட்டில் முதலில் ஒரு லிமிட்டர் (சத்தம் குறித்த அளவைத் தாண்டாமல் தடுக்கும் கருவி). பழைய ரேக் கம்ப்ரெஸர் இரவல் கிடைத்தாலும் போதும்: விகிதம் 10:1க்கு மேல், அட்டாக் 1 மில்லி நொடிக்குள், ரிலீஸ் 100 முதல் 200 மில்லி நொடி. அதன்பின் டி.ஐ., அதன்பின் உங்கள் மிக்ஸர். அந்தச் சேனலில் லோ-கட் (கீழ்ச் சத்தத்தை வெட்டும்) பொத்தான் அழுத்தியே இருக்கட்டும். மேலே 12 கிலோ ஹெர்ட்ஸ் குமிழை முழுக்க இறக்குங்கள். பவர்டு ஸ்பீக்கருக்குள்ளேயே லிமிட்டர் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். பலவற்றில் அது ஆம்ப்ளிஃபையர் கிழியாமல் பார்ப்பதோடு நின்றுவிடும். காதைக் காக்க அது வைக்கப்படவில்லை.

சவுண்ட் செக்கில் அவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: "உங்களால் முடிந்த மிக மோசமான சத்தத்தைப் போடுங்கள்." லிமிட்டர் வாசலை (அது தடுக்கத் தொடங்கும் அளவை) அதற்கு வைத்துவிட்டால், மாலை முழுவதும் நீங்கள் அந்த ஃபேடரின் மேல் விரல் வைத்து உட்கார வேண்டியதில்லை. கேபிள் மாற்றும் முன் சேனலை மியூட் செய்யும் பழக்கம் அவருக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர்களைக் கடைசியாகப் போட்டு முதலில் அணையுங்கள்.

சுவர்க்கோழி பதில்:

மேலே சொன்ன மின்சாரக் கணக்கு எல்லாம் சரி. ஆனால் ஐந்தையும் இரண்டு பெரிய ஸ்பீக்கரில் கொண்டுபோய்க் கொட்டுவதுதான் திட்டம் என்றால் மிருதங்கம் மூழ்கத்தான் செய்யும், எந்த ஃபேடரும் காப்பாற்றாது.

காரணம் கூடம். 384 கன மீட்டர், எல்லாப் பக்கமும் கடினப் பரப்பு. எதிரொலி எவ்வளவு நேரம் நிற்கும் என்று கணக்கிடும் சேபின் சூத்திரத்தில் போட்டால் ஆளில்லாத கூடத்தில் எதிரொலி 3.5 நொடி அளவுக்கு நிற்கும். 60 பேர் உட்கார்ந்ததும் அது ஒன்றரை நொடிக்கு இறங்கிவிடும். அந்த 60 உடம்புகள்தான் உங்கள் திரைச்சீலை. எனவே மாலை 4 மணி சவுண்ட் செக்கில் குழம்பாகக் கேட்டதை வைத்து ஈ.க்யூவைச் செதுக்கிக்கொண்டிருக்காதீர்கள். 7 மணிக்கு அது வேறு கூடம்.

ஆள் நிறைந்த பிறகும் மிருதங்கத்திலிருந்து 1 மீட்டர் தள்ளினால் நேராக வரும் ஓசையைவிடச் சுவரில் பட்டுத் திரும்பும் ஓசைதான் அதிகம். இதன்மேல் லேப்டாப், நோ-இன்புட், தகடு எல்லாம் அதே இரண்டு ஸ்பீக்கரிலிருந்து வந்தால் எது யாருடையது என்று காது பிரிக்க முடியாது. எழுதி வாசிக்கும் இசையில் இதைக் கலவையில் சமாளிக்கலாம், அடுத்து என்ன வரும் என்று தெரியும். இங்கே எவரும் எப்போதும் எதையும் செய்யலாம். கலப்பவர் எப்போதும் அரை நொடி பின்னால்தான் இருப்பார்.

மாற்று வழி: மின்சார ஓசை எழுப்பும் ஒவ்வொருவருக்கும் அவரவர் பக்கத்திலேயே ஒரு ஸ்பீக்கர். உங்கள் 5 அங்குல மானிட்டர்களில் ஒன்றை லேப்டாப்காரர் மேசை ஓரத்தில் வையுங்கள், இன்னொன்றை நோ-இன்புட்காரரிடம். காது உயரத்தில், பார்வையாளர்களை நோக்கி. ஓசை ஆள் இருக்கும் இடத்திலிருந்தே வரும். கூட வாசிப்பவர்களுக்கும் அது நேராகக் கேட்கும், தனி மானிட்டர் வேண்டாம். டி.ஐ.யின் லிங்க் வெளியீட்டிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளலாம். பெரிய ஸ்பீக்கர்கள் குரலுக்கும் மிருதங்கத்துக்கும் தகட்டுக்கும் கொஞ்சம் கைகொடுக்க மட்டும். இதில் இன்னொரு நன்மை: 5 அங்குல மானிட்டரால் கூடத்தைப் பிளக்க முடியாது. மிருதங்கத்தின் இயல்பான ஓசைதான் உச்ச வரம்பு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டால் சண்டையே இல்லை.

ஆட்களை மேடையில் வரிசையாக உட்கார வைக்காதீர்கள். கூடத்தின் நடுவில் வளைவாக ஐந்து பேர், சுற்றிலும் மூன்று பக்கம் நாற்காலி. கடைசி நாற்காலியும் வாசிப்பவரிடமிருந்து 4 மீட்டருக்குள் வந்துவிடும்.

சப்வூஃபர் விஷயத்தில் உங்கள் கூடத்துக்கு ஒரு சாபம் இருக்கிறது. 12, 8, 4: அதாவது 3:2:1. நீளத்தின் மூன்றாவது நிலை அலை (எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மோதி அங்கேயே நிற்கும் அலை), அகலத்தின் இரண்டாவது, உயரத்தின் முதலாவது, மூன்றும் ஒரே இடத்தில், சுமார் 43 ஹெர்ட்ஸில் வந்து விழுகின்றன. லேப்டாப்காரர் அங்கே ஒரு சைன் அலையை நிறுத்தினால் சில நாற்காலிகளில் வயிறு கலங்கும், பக்கத்து நாற்காலியில் ஒன்றுமே கேட்காது. 86லும் இதே கதை. தெரிந்து செய்தால் அது நல்ல கலைதான், தெரியாமல் நடந்தால் விபத்து. சப்பை மூலையில் வைத்தால் மூன்றும் முழு வேகத்தில் கிளம்பும். இரண்டு சுவர்களிலிருந்தும் சரியாக 2 மீட்டர் தள்ளி வையுங்கள். நீளத்துக்கும் அகலத்துக்கும் உரிய 43 ஹெர்ட்ஸ் அலைகள் அந்தப் புள்ளியில் பூஜ்யம், அங்கிருந்து அவற்றைக் கிளப்புவது கடினம். உயரத்துக்கு உரியது மட்டும் மிஞ்சும். அதற்கு 2 மீட்டர் உயரத்தில் பூஜ்யம் என்பதால் நின்றுகொண்டு கலப்பவருக்கு அது குறைவாகவும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதிகமாகவும் கேட்கும். பாஸை முடிவு செய்யும்போது உட்காருங்கள்.

தகட்டின் ஸ்டாண்டுக்கு அடியில் தடிமனான ரப்பர் போடுங்கள். இல்லாவிட்டால் சப் தரையை ஆட்டும், தரை தகட்டை ஆட்டும், பீசோ அதை எடுத்துத் திரும்ப சப்புக்கே கொடுக்கும். மெல்ல மெல்ல ஏறும் ஒரு ஊளை வரும், எங்கிருந்து என்று தேடிக்கொண்டே இருப்பீர்கள்.

அளவு பற்றி: உலக சுகாதார நிறுவனம் 2022இல் நிகழ்ச்சிக் கூடங்களுக்குச் சொன்ன உச்சம், எந்த 15 நிமிடத்தை எடுத்தாலும் சராசரி 100 டெசிபல். அது வெளிவரம்பு, இலக்காக வைத்துக்கொள்ளும் எண் ஆகாது. இவ்வளவு சின்னக் கூடத்தில் சத்தமான பகுதியே சராசரி 90ஐத் தொட்டால் தாராளம். வாசலில் காதடைப்பான் கிண்ணம் ஒன்று இருக்கட்டும்.

ஏ.சி., மின்விசிறி, புரொஜெக்டர், மூலையில் இருக்கும் குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துக் கேட்டுப் பாருங்கள். மூச்சுச் சத்தம் வாசிக்கும் ஒருவர் இருக்கும்போது இவைதான் ஆறாவது கலைஞர். டிம்மர் விளக்கு பாதி வெளிச்சத்தில்தான் அதிகம் கீச்சிடும். முழுசாகவோ பூஜ்யமாகவோ வையுங்கள்.

ஓம்ஸ்_விதி பதில்:

அவரவர் பக்கத்தில் ஸ்பீக்கர் என்பதை ஏற்கிறேன். லிங்க் வெளியீட்டை மட்டும் ஏற்க முடியாது. லிங்க் என்பது டி.ஐ.யின் உள்ளீட்டோடு நேரடியாக இணைந்த கம்பி. டிரான்ஸ்ஃபார்மருக்கு இந்தப் பக்கமே நின்றுவிடும். லேப்டாப்பின் எர்த்தும் மானிட்டரின் எர்த்தும் அதன் வழியே மறுபடி கைகோக்கும், துரத்திய உறுமல் பின்வாசல் வழியாக வந்துவிடும்.

மிக்ஸரில் ஆக்ஸ் இரண்டு இருக்கிறதே, அதைப் பயன்படுத்துங்கள். லேப்டாப், டி.ஐ., சேனல், ஆக்ஸ் 1, அவருடைய மானிட்டர். நோ-இன்புட், லிமிட்டர், டி.ஐ., சேனல், ஆக்ஸ் 2, இவருடைய மானிட்டர். இரண்டு ஆக்ஸும் ப்ரீ-ஃபேடர், அதாவது ஃபேடருக்கு முன்பே பிரிபவை. அப்போது ஃபேடர் பெரிய ஸ்பீக்கருக்கு மட்டும். அதைக் கீழேயே வைத்துவிட்டு, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப் தேவைப்படும்போது மட்டும் ஏற்றிக்கொள்ளலாம். சேனல் பட்டியல் இப்படி வரும்:

1 மிருதங்கம் வலந்தலை (வலப்பக்கம்), டைனமிக்
2 மிருதங்கம் தொப்பி (இடப்பக்கம்), டைனமிக்
3 குரல், டைனமிக்
4 தகடு, ஆக்டிவ் டி.ஐ.
5 லேப்டாப், பாஸிவ் டி.ஐ.
6 நோ-இன்புட், பாஸிவ் டி.ஐ.
7 அறிவிப்பு மைக், வாசிக்கும் நேரம் முழுவதும் மியூட்

ஆக்டிவ் டி.ஐ. பேட்டரியில் ஓடுமானால் புதுப் பேட்டரி போட்டுப் பான்டம் பவரை (மைக் கம்பி வழியே மிக்ஸர் அனுப்பும் மின்சாரம்) மொத்தமாக அணைத்துவிடுங்கள். சிறிய மிக்ஸர்களில் ஒரே பொத்தான் எல்லா மைக் உள்ளீடுகளுக்கும் 48 வோல்ட் அனுப்பும். எவராவது அவசரத்தில் நோ-இன்புட் மிக்ஸரை எக்ஸ்.எல்.ஆர். (மூன்று முனை மைக் பிளக்) மாற்றியோடு நேராகச் சொருகினால் அதன் வெளியீட்டுக்கு ஆபத்து.

மிருதங்க மைக் இரண்டும் 10 முதல் 15 சென்டிமீட்டர் தூரத்தில். இரு பக்கத் தோலும் எதிரெதிராக அசைவதால் ஒரு மைக்கின் ஃபேஸை (அலையின் திசையை) மாற்றிக் கேட்டுப் பாருங்கள். எதில் தொப்பியின் கும்கி (வளைந்து ஒலிக்கும் கீழ்ச் சத்தம்) நிறைவாக வருகிறதோ அதில் விட்டுவிடுங்கள்.

இரவல்மிக்ஸர்:

நன்றி. ஆக்ஸ் வழிதான். சுவர் கணக்கைப் படித்ததும் சப்பை மூலையிலிருந்து நகர்த்தச் சொல்லிவிட்டேன். இன்னும் பாக்கி, வரிசையும் முடிவும். மிருதங்கக்காரர் கச்சேரிப் பயிற்சியில் வந்தவர், இப்படி வாசிப்பது அவருக்குப் புதிது. மற்ற நால்வரும் பழகியவர்கள். ஐந்து பேரையும் 2 மணி நேரம் உட்கார வைக்கலாமா?

எடுப்பு பதில்:

வேண்டாம். ஐந்து பேர் ஒன்றாக 2 மணி நேரம் என்றால் முதல் 15 நிமிடத்துக்குப் பிறகு எல்லோரும் எல்லாவற்றையும் நிரப்பிக்கொண்டிருப்பார்கள். 20 நிமிடப் பகுதிகள் நான்கு; முதலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் 5 நிமிடம், அடுத்து 15 நிமிட இடைவேளை, மறுபடி ஒரு 5. மொத்தம் 105 நிமிடம், பாக்கி தாமதத்துக்கு. ஐவரும் தொடக்கத்திலேயே முழுதாக அமைத்துவிட்டு இடத்திலேயே இருக்கட்டும், வாசிக்காதவர் மியூட். பகுதிகளுக்கு நடுவே கேபிள் மாற்றத் தொடங்கினால் 5 நிமிடம் 20 ஆகும், மாலையின் இழை அங்கேயே அறுந்துவிடும்.

ஐந்து பேரில் 10 ஜோடிகள், 10 மூவர் அணிகள் கிடைக்கும். பிரிட்டிஷ் கிட்டார் கலைஞர் டெரக் பெய்லி 1976இல் தொடங்கிய கம்பெனி என்ற ஏற்பாடும் இதுதான்: முன்பின் சேர்ந்து வாசிக்காதவர்களை வரவழைத்து, சிறு சிறு அணிகளாக மாற்றி மாற்றி வாசிக்க விடுவது. உங்களுக்கு முதல் பகுதியில் குரலும் தகடும் 10 நிமிடம், மிருதங்கமும் லேப்டாப்பும் 10 நிமிடம். இரண்டாவதில் ஒரு மூவர் அணி. மூன்றாவதில் நோ-இன்புட்டுடன் குரலோ மிருதங்கமோ. கடைசியில்தான் ஐவரும். மெல்லியவை முன்னால் இருக்க வேண்டியதற்குக் காரணம் ரசனை மட்டும் இல்லை. பலத்த சத்தத்துக்குப் பிறகு காதின் கூர்மை கொஞ்ச நேரம் மழுங்கியிருக்கும். நோ-இன்புட் முடிந்த கையோடு மூச்சுச் சத்தம் வாசித்தால் பாதிப் பேருக்கு எட்டாது.

ஐவரும் வாசிக்கும்போது ஒரே விதி போதும்: எந்த நேரத்திலும் மூவருக்கு மேல் ஒலிக்க வேண்டாம். நான்காமவர் நுழைந்தால் ஒருவர் விலகுவார். அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் ஸோர்னின் 1984ஆம் ஆண்டுக் கோப்ரா போல அட்டை காட்டி நடத்துவது, இசைக்கலைஞர் புட்ச் மோரிஸ் 1985 முதல் செய்தது போலக் கைச் சைகையால் நடத்துவது எல்லாம் இருக்கின்றன. ஆனால் அந்தச் சைகைகள் ஊறுவதற்கே ஒத்திகை வேண்டும். ஒரு மாலைக்காக அதைக் கற்றுக்கொண்டால் எல்லோரும் அட்டையைப் பார்ப்பார்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

சவுண்ட் செக் முடிந்ததும் 15 நிமிடம் இரண்டு பயிற்சி செய்யச் சொல்லுங்கள். பிரிட்டிஷ் டிரம் கலைஞர் ஜான் ஸ்டீவன்ஸ் சொல்லிக்கொடுத்தவை. ஒன்றில் ஒவ்வொருவரும் தம் கருவியில் முடிந்த மிகக் குட்டையான ஓசையை மட்டும் அவரவர் வேகத்தில் போட வேண்டும். மற்றதில் மூச்சு நிற்கும் வரை ஒரே கார்வை. மிருதங்கத்தில் கார்வை எப்படி என்று அவர் கேட்பார். ஈரவிரலால் தோலைத் தேய்க்கலாம், கரணையின் (வலந்தலையின் கருப்பு வட்டம்) ஓரத்தை விரல்நுனியால் விடாமல் உருட்டலாம், தொப்பியை உள்ளங்கையால் அழுத்தி இழுக்கலாம். அந்தத் தேடலிலேயே அவர் மாலைக்குள் வந்துவிடுவார்.

கச்சேரிப் பயிற்சியை விட்டுவிட்டு வா என்று அவரிடம் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். தனி ஆவர்த்தனம் வாசிக்கிறவர் ஏற்கனவே அங்கேயே கட்டி வாசிக்கிறவர்தான். அவருக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியது வேறு. முதலாவது, கோர்வை, அதாவது முடிக்கும்போது மூன்று முறை வைக்கும் தாளக்கட்டு. மூன்று முறை வந்து விழும் எதுவும் கேட்பவர் மனதில் "முடிந்தது" என்று பதியும்; கைதட்டல்கூட விழலாம். அவர் கோர்வை வைத்தால் மற்ற நால்வரும் அதோடு நிற்க வேண்டியதில்லை, அதைத் தாண்டிப் போகலாம் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள். இரண்டாவது, தாளம். ஆதி தாளம் ஓடத் தொடங்கினால் மற்றவர்கள் எல்லோரும் பக்கவாத்தியம் ஆகிவிடுவார்கள். தாளமே கூடாது என்று தடை போட வேண்டாம், ஓரிரு ஆவர்த்தனத்தில் அவரே அதைக் கலைத்துவிடட்டும்.

சுருதிப் பெட்டியை யாரும் போட வேண்டாம். போட்ட கணத்தில் மாலை முழுவதும் ஒரே ஆதார ஷட்ஜத்தில் கட்டுண்டுவிடும். மிருதங்கத்தின் சுருதியை லேப்டாப்காரர் மட்டும் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். ஒன்றரைக் கட்டை என்றால் 277 ஹெர்ட்ஸும் அதன் பாதி 138.6உம். அவர் 280இல் ஒரு சைன் அலை வைத்தால் சாப்பு (வலந்தலையில் சுருதியோடு ஒலிக்கும் அடி) விழும்போதெல்லாம் நொடிக்கு மூன்று துடிப்பு கேட்கும். வேண்டுமென்றே வைத்தால் மிக அழகு. தெரியாமல் வைத்தால் மிருதங்கக்காரர் சுருதி இறங்கிவிட்டதென்று நினைத்துக் கல்லை எடுத்துத் தட்ட ஆரம்பிப்பார், அது எல்லா மைக்கிலும் விழும். தட்டுவது, தொப்பியின் ரவையை ஈரப்படுத்துவது எல்லாம் இடைவேளையில். ஏ.சி. காற்று நேராக வாத்தியத்தின் மேல் படாமல் உட்கார வையுங்கள்.

முடிவு: 17ஆவது நிமிடத்தில் வாசிப்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி ஒரு சிறு விளக்கு. அதன் பொருள் "நிறுத்து" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, "அடுத்த 3 நிமிடத்தில் வரும் நல்ல முடிவை விட்டுவிடாதே" என்று. பெரும்பாலான முடிவுகள் கெடுவது, முடிந்த பிறகு ஒருவர் மட்டும் இன்னும் கொஞ்சம் என்று தொடர்வதால்தான். லேப்டாப்காரரின் ரிவெர்ப் வால் 10 நொடிக்கு மேல் இழுக்காமல் பார்த்துக்கொள்ளட்டும். நோ-இன்புட்டால் தானாக அடங்க முடியாது; தன் வெளியீட்டு ஃபேடரை 5 நொடியில் இறக்கட்டும். நீங்கள் உங்கள் மேசையிலிருந்து யாரையும் மங்கடிக்காதீர்கள். கடைசி ஓசைக்குப் பிறகு 10 நொடி எதையும் தொடாமல் இருந்துவிட்டு, கூட விளக்கை ஏற்றுங்கள். வெளிச்சம் வந்தால்தான் கைதட்டலாம் என்று மக்களுக்குப் புரியும்.

காந்தநாடா பதில்:

பதிவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மிக்ஸரிலிருந்து எடுக்க வேண்டாம். மேலே சொன்ன அமைப்பில் பெரிய ஸ்பீக்கருக்குப் போவது குரலும் மிருதங்கமும் தகடும்தான், அந்தக் கலவையில் மற்ற இருவரும் பேருக்குத்தான் இருப்பார்கள். கண்டென்ஸர் ஜோடியை ஓ.ஆர்.டி.எஃப். என்ற ஸ்டீரியோ மைக் முறையில், மைக்குகளுக்கு நடுவே 17 சென்டிமீட்டர், கோணம் 110 டிகிரி, வாசிப்பவர் வளைவின் வாயில் 2 மீட்டர் தள்ளி, 2.5 மீட்டர் உயரத்தில் நிறுத்துங்கள். கூடம் ஒலிப்பது அதிலேயே வந்துவிடும்.

இவற்றுக்குப் பான்டம் பவர் வேண்டும். மிக்ஸரில் அணைத்திருக்கிறீர்கள், ஆகவே ரெக்கார்டரில் எக்ஸ்.எல்.ஆர். உள்ளீடும் 48 வோல்ட்டும் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையென்றால் அதன் உள்மைக்கையே அதே இடத்தில் வைப்பது மேல். 24 பிட், 48 கிலோ ஹெர்ட்ஸ். சவுண்ட் செக்கின் மிகப் பெரிய சத்தம் உச்சத்துக்கு 12 டெசிபல் கீழே நிற்கட்டும், ஏனென்றால் ஆட்கள் வந்ததும் அவர்கள் இன்னும் பலமாக வாசிப்பார்கள். 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டர் என்றால் அளவு வைக்கும் கவலை குறையும், ஆனால் மைக்கே திணறினால் அதுவும் கைகொடுக்காது. ஸ்டீரியோவில் மணிக்குச் சுமார் 1 ஜிகாபைட் ஆகும். ஆட்டோ லெவல், ரெக்கார்டரின் லிமிட்டர் இரண்டையும் அணைக்க மறக்காதீர்கள். ஆட்டோ லெவல் அமைதியை எல்லாம் மேலே இழுத்து மின்விசிறி இரைச்சலாக்கிவிடும்.

வாசிப்பவர்களின் கைபேசி எல்லாம் விமான நிலையில். பீசோவும் நோ-இன்புட்டும் இருக்கும் மேசையில் ஒரு கைபேசி சிக்னல் தேடினால் அந்த டிட்-டிட் பதிவில் நிரந்தரம். பதிவை வெளியிடும் எண்ணம் இருந்தால் ஐவரிடமும் முன்பே கேட்டுவிடுங்கள். அங்கேயே உருவான இசையில் ஐவருக்கும் பங்கு உண்டு, பிறகு ஒருவர் மறுத்தால் அந்தப் பகுதியை வெட்டி எடுக்க வழியில்லை.